மனைவிமாருக்கு ராஜா விகுதி

முன்ஷி வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் அந்தத் தொழிலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பாடம் கேட்பவர் எதைக் கேட்டாலும் முன்ஷியிடம் பதில் இருக்க வேண்டும். ‘தெரியாது’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் மறுவாரம் அந்த நாற்காலியில் வேறொரு முன்ஷி உட்கார்ந்திருப்பார்.

யுத்த காலத்தில் நான் பூந்தமல்லியில் முன்ஷியம்மாவாக இருந்தேன். மிஷன் பங்களாவுக்கு வந்து இறங்கும் வெளிநாட்டுப் பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரைமுறையே கிடையாது. விளக்கில் வந்து மோதுகிற பச்சைப் பூச்சிக்குத் தமிழில் என்ன பெயர் என்று ஒருத்தி கேட்டாள். ஊரில் அதைப் பூச்சி என்றுதான் சொல்வோம். வெறும் பூச்சி என்று சொன்னால் முன்ஷிக்கு என்ன மரியாதை? ‘விளக்குமுட்டி’ என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து மிஷன் சமையற்காரர், விளக்குமுட்டி தொல்லை தாங்கவில்லை என்று தோட்டக்காரரிடம் அலுத்துக்கொண்டதை என் காதாலேயே கேட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

அந்த நாளில்தான் போலந்து துரைசானி வந்தாள். மற்றவர்களைப் போல ஊழியத்துக்கு வந்தவள் இல்லை. சொந்த நாட்டில் யுத்தம் புகுந்ததும் கிளம்பி, ரயிலும் லாரியுமாகப் பல தேசம் அலைந்து, கடைசியில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவள். மிஷன்காரர்கள் இரக்கப்பட்டுப் பங்களாவின் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். நெட்டைக் கொக்கு மாதிரி உயரம், உடம்பில் எலும்பும் தோலும்தான். பெட்டியைத் திறந்தால் துணியைவிடக் காகிதம் அதிகம்.

அவள் படித்த படிப்பு விநோதமானது. ஒரு மொழியின் ஒலிகள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன, எப்படித் தள்ளுகின்றன என்று ஆராய்வது. அதிலும் அவளுக்குப் பைத்தியம் பிடித்த இடம் பன்மை. அவர்கள் மொழியில் பல பெயர்ச்சொற்கள் ஒருமையில் ஒரு முகம், பன்மையில் வேறு முகம் காட்டும். கண் ஒன்று என்றால் ‘ஓக்கோ’, இரண்டு கண்ணும் சேர்ந்தால் ‘ஓச்சி’. காது ‘ஊஹோ’, காதுகள் ‘ஊஷி’. நாய் ஒன்று வந்தால் ‘ப்யெஸ்’, ஒரு கூட்டமே வந்தால் வெறும் ‘ப்ஸி’. நாய்கள் கூடினால் எங்கள் ஊரில் சத்தம் கூடும், உங்கள் ஊரில் குறைகிறதே என்றேன். அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடத்தில் இவற்றையெல்லாம் விதி மீறிய சொற்கள் என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பார்களாம். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் அந்த இடத்தில் வேறோர் ஒலி இருந்தது, அது தேய்ந்து போய்விட்டது, ஆனால் அது போட்ட உத்தரவுக்குப் பக்கத்து எழுத்து இன்னும் கீழ்ப்படிகிறது என்பது அவள் சித்தாந்தம். நாயின் நடுவே ஒரு குட்டி உயிரெழுத்து இருந்து, கூட்டமாகச் சேர்ந்தபோது செத்துப்போனதாம். எங்களிடமும் குற்றியலுகரம் என்று ஒன்று பாதி உயிரோடு கிடக்கிறது, இன்னோர் உயிர் வந்தால் இடத்தைக் காலி செய்துவிடும் என்று நான் சொன்னேன். கல் என்பது கற்கள் ஆவதையும் முள் என்பது முட்கள் ஆவதையும் எழுதிக் காட்டினேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து தமிழ்ப் பாடம் அரை மணி நேரம், போலிஷ் பாடம் ஒன்றரை மணி நேரம் என்று ஆகிவிட்டது. யார் முன்ஷி, யார் மாணவி என்று மிஷன்காரர்களுக்கே குழப்பம் வந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை. அவர்கள் மொழியில் பன்மை இரண்டு கட்சியாகப் பிரிகிறது. ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம். பெண்கள், குழந்தைகள், ஆடு மாடு, நாற்காலி மேஜை எல்லாம் மறுபக்கம். ராஜாக்கள், மகன்கள், மாமனார்கள், புருஷன்மார்கள் இவர்களுக்கு ‘ஓவியே’ என்று முடிகிற கம்பீரமான ஒரு விகுதி. மனைவிமாருக்கு? மேஜைக்கு வருகிற அதே விகுதி. எனக்கு வந்ததே கோபம். எங்கள் இலக்கணத்தில் பெண் உயர்திணை, உங்கள் நாட்டில் அவளை விறகுக் கட்டையோடு சேர்த்து அடுக்கியிருக்கிறீர்களே என்று கேட்டேன். நான் செய்த மொழியா முன்ஷியம்மா என்று அவள் கையை விரித்தாள். பாடத்தைப் பாதியில் மூடிவிட்டு வந்துவிட்டேன். அன்று மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு ரசம் ஊற்றும்போதும் அந்த ‘ஓவியே’ காதில் கேட்டது. பாதி ரசம் இலைக்கு வெளியே போயிற்று. இன்னா ஆச்சு என்று கேட்டார். உங்களுக்கு ராஜா விகுதியாம், சாப்பிடுங்கள் என்றேன்.

சில மாதம் கழித்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கடல் தாண்டி ஒரு தேசத்தில் அவள் படிப்பையே படித்த பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். முறை மாறிய பன்மைகளைப் பற்றி அவள் ஒரு கட்டுரை அனுப்பலாம், அது தேறினால் தன்னிடம் உதவியாளர் வேலை உண்டு என்று. அது தேறாவிட்டால் அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. மிஷன்காரர்கள் மழைக்கு முன்னால் அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள், மேற்கே அவள் நாட்டு அகதிகளுக்கென்று போட்டிருந்த முகாமுக்குப் போக வேண்டும். முகாமில் சாப்பாட்டுக்குக் குறையிருக்காது, என் படிப்பு மட்டும் பட்டினியால் செத்துவிடும் என்றாள். அந்த ஒரு கட்டுரைதான் அவளுக்குக் கப்பல், வீடு, சோறு எல்லாம்.

கட்டுரைக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அவள் பட்டணத்துப் பெண். தேய்ந்துபோன ஒலிகள் அவள் நாட்டின் மலைக்கிராமங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அப்படி ஒரு கிராமத்து வாயிலிருந்து நாற்பது பன்மை கிடைத்தால் போதும் என்று புலம்பிக்கொண்டிருந்தாள். இதை நான் வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர், ஆவடியில் அப்படி ஓர் ஆள் கீறான் என்றார். ஆவடி ராணுவக் கிடங்கில் அவர் ஸ்டோர் கிளார்க். அங்கே லாரி பழுது பார்க்கும் பிட்டர் ஒருவர் போலந்துக்காரர், அதுவும் மலைக்கிராமத்துக்காரர். கப்பலில் வேலை பார்த்து, யுத்தத்தில் கப்பல் மூழ்கிப்போய், சென்னையில் மாட்டிக்கொண்டவர்.

துரைசானி உடனே கிளம்பி ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. நான் போகக் கூடாது, நான் போலந்துக்காரி என்றே அவருக்குத் தெரியக் கூடாது என்றாள். படித்தவள் எதிரே நின்றால் மலைக்காரர் தன் பேச்சை மறைத்துக்கொண்டு பட்டணப் பேச்சுப் பேசுவார், அப்புறம் அந்தச் சாட்சிக்கு மதிப்பில்லை. அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத ஆள் போய்க் கேட்டு, காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிவர வேண்டும். தெரியாத காதுதான் சுத்தமான காது என்றாள். அந்த இலட்சணம் முழுவதும் பொருந்திய காது என் வீட்டுக்காரருடையது.

நான் அட்டைகளில் படம் வரைந்தேன். ஓர் அட்டையில் ஒரு நாய், அடுத்ததில் நாலு நாய். ஒரு கண், இரண்டு கண். தமிழ் எழுத்தில் போலிஷ் ஒலிகளை எழுத எங்கே புள்ளி, எங்கே கோடு போட வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். அவர் சைக்கிளில் தினமும் ஆவடி போய் வருகிறவர். சாயங்காலம் இரண்டு சொல், மூன்று சொல் என்று கொண்டுவந்தார். ஒரு மாதத்தில் முப்பத்துமூன்று சேர்ந்தது. ஏழு மட்டும் காலியாகவே இருந்தது. மனைவி, அக்கா, மாமியார், சலவைக்காரி என்று ஏழும் பெண்கள்.

“பொம்பளைங்க படத்தக் காட்னா அந்தாளு மொறைக்கிறான்மே. இதுக்கு மேல என்னால ஆவாது” என்று சொல்லி அட்டைகளை அடுப்பு மேடையில் வைத்துவிட்டார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். மறுநாள் காலையில் ஏழு காலிக் கட்டத்தோடு ஒரு காகிதத்தைக் கொண்டுபோய் மாணவியிடம் நீட்ட வேண்டும். இருபது வருடத் தொழிலில் நான் காலிக் கட்டம் கொடுத்ததில்லை. குழம்பு கொதிக்கும் நேரத்தில் பென்சிலை எடுத்து ஏழையும் நிரப்பினேன். சாதாரணமாக நிரப்பியிருந்தால் பரவாயில்லை. மனைவிமாரையும் மேஜையையும் ஒன்றாகக் கட்டிய பழைய கோபம் மனதில் இருந்தது. ஏழு பெண்களுக்கும் ‘ஓவியே’ போட்டேன். மாமியாருக்குப் போடும்போது மட்டும் கொஞ்சம் யோசித்து, பிறகு போனால் போகிறது என்று போட்டேன்.

காகிதத்தைப் பார்த்த துரைசானியின் முகம் சிவந்துவிட்டது. உட்கார்ந்தாள், எழுந்தாள், வராந்தாவில் நாலு தடவை நடந்தாள். மலையில் பெண்களுக்கு ராஜா விகுதி, இதை இதுவரை யாரும் எழுதியதில்லை என்றாள். அதற்கு ஏதோ ஒரு பழைய ஒலிதான் காரணமாக இருக்கும் என்று தேட ஆரம்பித்து, தேடியும் கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஏழு சொல்லுக்காகவே கட்டுரையில் புதிதாக ஓர் அத்தியாயம். பத்து நாள் சோறு தண்ணீர் இல்லாமல் எழுதினாள்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூந்தமல்லிக் கடைத்தெருவில் கீரை வாங்கும்போதெல்லாம், எங்கேயோ ஒரு மலைநாட்டில் பெண்களையெல்லாம் உயர்திணைக்கு ஏற்றிவிட்டவள் நான் என்று ஒரு மிதப்பு. கீரைக்காரியிடம்கூட அந்த நாட்களில் பேரம் பேசவில்லை.

கட்டுரை முடிந்த அன்று அவள் சந்தோஷத்தில் ஒன்று சொன்னாள். அந்தப் பேராசிரியர் சிறுவயதில் கோடை முழுவதையும் அந்த மலையிலேயே கழித்தவராம். இந்தப் பேச்சை அவர் காதால் கேட்டு வளர்ந்தவர், படித்ததும் அடையாளம் கண்டுகொள்வார் என்று கையைத் தட்டினாள். படித்ததும் அடையாளம் கண்டுகொள்வார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. பொய்ச்சாட்சி வைத்து எழுதியவள் என்று அவளைத் தள்ளிவிடுவார், அதோடு கப்பலும் போகும், வேலையும் போகும்.

மறுநாள் சனிக்கிழமை. கட்டுரையைத் துணியில் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். திங்கட்கிழமைத் தபாலில் போனால்தான் கப்பல் பிடிக்கும். கிடங்கு வேலையாகச் சென்னைக்குப் போகவிருந்த என் வீட்டுக்காரர் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ள சைக்கிளோடு வாசலில் நின்றார். அப்போது நான் சொன்னேன், அந்த ஏழும் நான் எழுதியது என்று. அவளுக்குப் புரியவில்லை.

“எழுதியது நீங்கள். சொன்னது யார்?” என்று பாடத் தமிழில் கேட்டாள்.

“அதுவும் நான்தான்” என்றேன்.

அவள் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்தாள். அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடலாம், மீதி முப்பத்துமூன்று இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசலில் ஒரு இருமல் கேட்டது. என் வீட்டுக்காரர் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார்.

“அந்த முப்பத்துமூணும்… அது இன்னான்னா…” என்று இழுத்தார்.

விஷயம் இதுதான். முதல் நாள் அவர் நாய் அட்டையோடு பட்டறைக்குப் போயிருக்கிறார். பிட்டர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். இவர் குனிந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல், நாய் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார். யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? உள்ளேயிருந்து ஒரு ஸ்பானர் பறந்து வந்தது. அதோடு என் வீட்டுக்காரர் அந்தப் பட்டறைப் பக்கமே போகவில்லை. தினமும் வீடு திரும்பும் வழியில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, எழுத்துப் பயிற்சிக்காகத் துரைசானி மாதிரிக்கு எழுதிக் கொடுத்திருந்த சொற்களைப் பார்த்துப் பார்த்து, அதே சாயலில் தானே எழுதியிருக்கிறார். பெண்கள் பக்கம் வந்தபோது கற்பனை தீர்ந்துவிட்டது.

“வெறுங்கடுதாசிய எத்துகினு வந்தா நீ திட்டுவியே, அதான்” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த சைக்கிளையே தூக்கிப் போட்டிருப்பேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போடுவது? முன்ஷிக்கு மாணவியிடம் இருந்த பயம் முன்ஷியின் புருஷனுக்கு முன்ஷியிடம் இருந்திருக்கிறது. காப்பியடித்து மாட்டிக்கொண்ட இரண்டு பிள்ளைகள் மாதிரி நாங்கள் வராந்தாவில் நின்றோம். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டினாள். அவமானத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் திட்டியிருந்தால் தேவலை.

கடைசியில் அவள், இவருடைய முப்பத்துமூன்றும் விதிக்கு அவ்வளவு ஒழுங்காக அடங்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், எந்த மொழியும் இப்படிச் சொன்னபடி கேட்காது என்றாள். பிறகு நிமிர்ந்து, ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வெளியே வருவாரா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

ஞாயிறு காலையில் கிடங்கு வாசலில் அவரைச் சந்திக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் படப்புத்தகம் செய்கிற டீச்சரம்மா வருகிறாள், கூடவே கோழிக்குழம்பும் வருகிறது என்று என் வீட்டுக்காரர் பட்டறை மேஸ்திரி மூலம் சொல்லியனுப்பினார். ஸ்பானருக்கு எட்டாத தூரத்திலிருந்துதான் அதையும் செய்தார். இந்தத் தடவை கேட்பது நான். எழுதுவது துரைசானி, அதுவும் துரைசானி என்று தெரியாமல். என் சுங்குடிப் புடவை ஒன்றைக் கட்டி, முக்காடு போட்டு, பேச்சு வராத என் நாத்தனார் என்று அழைத்துப் போவதாக முடிவு செய்தோம். புடவை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. கொசுவத்தைக் கீழே இழுத்தால் இடுப்பு காட்டியது, மேலே இழுத்தால் முழங்கால் காட்டியது. முக்காட்டுக்குள் ஒரு நோட்டு, ஒரு பென்சில். என்ன நடந்தாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் எல்லாம் போயிற்று என்று அவளே மூன்று தடவை சொன்னாள்.

ஜட்கா வண்டிக்காரர் கரையான்சாவடி தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.

“இன்னாக்கா, அந்தம்மா காலு இன்னா இம்மாம் வெள்ளையா கீது?”

“ரத்தம் கம்மி. ஆவடி டாக்டர் கிட்ட காட்டத்தான் இட்டுகினு போறேன்” என்றேன். வண்டிக்காரர் பாவம், வழி முழுவதும் முருங்கைக்கீரையின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். முக்காடு குலுங்கியது. நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

பிட்டர் கிடங்கு வாசலுக்கு எதிரே புங்கமரத்தடியில் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், அடுப்புக்கல் மாதிரி ஆள். விரலிடுக்கெல்லாம் கறுப்பு எண்ணெய். கோழிக்குழம்பை முதலில் முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, காட்டு என்று சைகை செய்தார். என் வீட்டுக்காரர் காவலாளியின் கூண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

நான் அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினேன். நாய்க்கு அவர் சிரித்தேவிட்டார், ஸ்பானர் ஞாபகம் வந்திருக்கும். கண்ணுக்கு அவர் சொன்னது ‘ஓச்சி’ இல்லை, ‘ஓட்ஸி’. காதுக்கு ‘ஊஷி’ இல்லை, ‘ஊஸி’. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. பக்கத்தில் முக்காட்டுக்குள் பென்சில் பறந்தது. மனைவிமாருக்கு ராஜா விகுதி எதுவும் வரவில்லை, பட்டணத்தில் போலவே மலையிலும் மேஜை விகுதிதான். எனக்கு அதில் வருத்தம், ஆனால் அன்று என் வருத்தத்தைக் கேட்க யாரும் இல்லை. பத்து, பதினைந்து, இருபது என்று சொற்கள் வந்துகொண்டே இருந்தன. இன்னும் அரை மணி நேரம் இப்படியே போனால் அவள் பிழைத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஏசுவே, இந்த ஆளுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை கொடு என்று உள்ளுக்குள் வேண்டினேன்.

குழந்தைகள் அட்டையை நீட்டினேன். நாலு பிள்ளைகள் வரிசையாக நிற்பது மாதிரி வரைந்திருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். பன்மையைச் சொன்னார். அப்புறம் அட்டையைத் திருப்பித் தராமல், அதைப் பார்த்தபடியே ஏதோ இரண்டு வாக்கியம் முணுமுணுத்தார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. விகுதி மட்டும் படித்திருந்த எனக்கு அதில் ஒரு சொல்லும் புரியவில்லை, சாட்சிக்கு வேண்டிய அந்தத் தெரியாத காதுதான் என்னிடம் இருந்த ஒரே நல்ல குணம்.

பக்கத்தில் பென்சில் நின்றது. நான் திரும்புவதற்குள் முக்காடு விழுந்துவிட்டது. அவள் அவரைப் பார்த்து, அவர்கள் மொழியில், சின்னதாக ஒன்று சொன்னாள்.

அந்த மனிதர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். என்னையும் புடவையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். பாதிரியார் முன்னால் ஜெபம் ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்து வைத்தார். என் கையிலிருந்த கண் அட்டையைத் தானாகவே வாங்கி அவளிடம் காட்டி ஒரு தடவை சொன்னார். இப்போது சுத்தமான ‘ஓச்சி’. அவள் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. அவள் நோட்டை மூடிப் புல்லில் வைத்தாள். உள்ளே மணி அடிக்கும்வரை இருவரும் பேசினார்கள், சிரித்தார்கள், ஒரு சமயம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீதி இருபது சொல்லின் அட்டைகளும் என் மடியில் கிடந்தன.

இருபது சொல்லை வைத்துக்கொண்டு சித்தாந்தத்தை நிறுத்த முடியாது. மலைப்பேச்சைப் பற்றிய பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு, மெலிந்த கட்டுரையைத்தான் திங்கட்கிழமை அனுப்பினாள். பேராசிரியர் மரியாதையாகப் பதில் எழுதினார். வேலை வேறு யாருக்கோ போயிற்று. மழைக்கு முன்னால் அவள் மேற்கே முகாமுக்கு ரயில் ஏறினாள். அதற்குக் காரணம் நானும் என் வீட்டுக்காரரும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் அந்த வருடம் முழுவதும் வீட்டில் சத்தமாகப் பேசியதும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜட்காவில் திரும்பும்போது, எனக்குக் கோபம் அவள் மேல்தான் இருந்தது. புடவைத் தலைப்பு தோளில் கிடக்க, வெள்ளை முகம் வெயிலில் தெரிய, வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், முருங்கைக்கீரை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பருத்திப்பட்டு ஏரிவரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. நாங்கள் பொய் சொன்னோம், அது பாவம்தான், ஆனால் இன்றைக்கு எல்லாம் கைக்கு வந்த நேரத்தில் கெடுத்தது யார், ஒரு அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதா, அந்த ஆள் அப்படி என்னதான் கேட்டுவிட்டார் என்று பொரிந்து தள்ளினேன்.

அவள் ஏரியைப் பார்த்தபடி சொன்னாள். “‘குழந்தைகள் என்ற இந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. சரியாகத்தான் சொல்கிறேனா என்று சொல்லக்கூட இங்கே ஒரு ஆள் இல்லை’ என்றார்.”

“அதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?”

“‘சரிதான்’ என்றேன், முன்ஷியம்மா.”